காய் தெரு

பாரிசில் எங்கள் ஆட்களிடம் வழி கேட்டுப் பாருங்கள். தெருப்பெயர் சொல்லமாட்டார்கள். "லாச்சப்பலில இறங்கி, நகைக்கடையோட திரும்பி, சலூனுக்கு எதிர்ப்பக்கம்" என்பார்கள். கடை கைமாறினால் வழியும் மாறிவிடும்.

நானும் 1990இல் வந்து ஐந்து வருடம் இப்படித்தான் திரிந்தேன். றெஸ்ரோறன்ற்றில் கோப்பை கழுவுகிற வேலை. காலையில் மெத்ரோவுக்குள் இறங்கி, இரவு அதற்குள்ளிருந்து வெளியே வருவேன். நடுவிலுள்ள நகரம் எனக்குத் தேவைப்படவில்லை. அடுத்த பொங்கல் ஊரில் என்று சொல்லிக்கொண்டிருப்பவனுக்குத் தெருப்பெயர் எதற்கு?

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அம்மாவும் அந்தச் சனத்தோடு நடந்தா. எங்கே இருக்கிறா என்று ஒரு தகவலும் இல்லை. நவம்பர் கடைசியில் இங்கே பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. மெத்ரோ இல்லை, பஸ் இல்லை. மூன்று கிழமைக்குப் பாரிசே நடந்தது. நானும் லாச்சப்பலிலிருந்து றிப்பப்ளிக் வரை நடந்தேன்.

நடக்கும்போது தலைக்குள் ஒரே நினைவு. அதிலிருந்து தப்பத்தான் சுவரிலிருந்த பலகைகளை வாசிக்கத் தொடங்கினேன். நீலப் பலகை, வெள்ளை எழுத்து, சுற்றிவரப் பச்சைக் கரை. சிலவற்றில் பெயருக்குக் கீழே ஆண்டும் தொழிலும் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பெயர் என்று சட்டம் போட்டுக்கொண்டேன். இரண்டாவது பெயரில் எவ்வளவு ஆசை வந்தாலும் கொப்பியில் எழுதுவதில்லை. அது நாளைக்கு. இந்தக் கஞ்சத்தனம்தான் பழக்கத்தைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம். மொழி படிக்கவென்று ஒரே மூச்சில் மூன்று புத்தகம் வாங்கின நண்பர்களை எனக்குத் தெரியும். புத்தகங்கள் இன்னும் புதிதாகவே இருக்கின்றன.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு. கொப்பியோடு பொம்பிடு நூலகத்துக்குப் போவேன். அங்கே அங்கத்துவ அட்டை கேட்பதில்லை, விசா கேட்பதில்லை. (2025இல் அந்தக் கட்டிடம் திருத்த வேலைக்கு மூடப்பட்டபோது, சொந்தக்காரர் வீடு பூட்டினதுபோல இருந்தது.) அகராதியும் கலைக்களஞ்சியமும் வைத்து ஒரு பந்தியை வாசிக்கப் பின்னேரமாகிவிடும்.

முதலில் அகப்பட்டவர் பிலிப் த ஜிரார். ஆளிநாரை நூலாக்கும் இயந்திரத்துக்கு 1810இல் நெப்போலியன் பத்து லட்சம் பிராங் பரிசு அறிவித்தான். இவர் செய்துகாட்டினார். பேரரசன் விழுந்தான், காசு வரவில்லை, கடன்தான் மிஞ்சியது. ஒஸ்ரியாவுக்குப் போய், பிறகு போலந்துக்குப் போனார். அங்கே ஒரு பட்டணமே அவர் பெயரில் இருக்கிறது. அடுத்தது லூயி பிளாங். மனிதனுக்கு வேலை உரிமை வேண்டும் என்று எழுதியவர். 1848க்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் இங்கிலாந்தில் அகதி. நான் தினமும் மிதித்துப்போன தெருக்கள் எங்களைப்போன்ற ஆட்களுடையவை என்று ஆர் நினைத்தது?

"உந்தப் பலகையைப் படிச்சு உனக்கென்ன வரப்போகுது? ரெண்டு மணித்தியாலம் கூட வேலை செய்" என்றான் அறையிலிருந்த ஒருவன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அறைக்கு வாடகை கட்டவேண்டுமே. ஆனால் குசினியில் சமையற்காரரிடம் "லூயி பிளாங், அவர் யார்?" என்று கேட்டதுதான் நான் பிரெஞ்சில் தடக்காமல் கேட்ட முதல் கேள்வி. அவருக்கும் தெரியவில்லை. நான் சொன்னேன், அரைகுறையாக, கையையும் சேர்த்து. அதற்குப் பிறகு காலையில் "இண்டைக்கு ஆர்?" என்று அவரே கேட்பார். அதுவரை என்னை "ஏய்" என்றுதான் கூப்பிட்டவர்.

வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஒரு தரிப்பு முன்னுக்கே இறங்கி நடந்தேன்.

அம்மா 1996 வைகாசியில் ஊருக்குத் திரும்பினா. கூரை இல்லை, உறுதிகள் மட்டும் அவவின் பையில் பத்திரமாக இருந்தன. எங்கள் ஊரில் ஒவ்வொரு காணிக்கும் உறுதியில் ஒரு பெயர் உண்டல்லவா? எங்களுடைய காணிகளுக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று கேட்டு எழுதினேன். ஒரு கடிதத்துக்கு ஒரு காணி என்று அதற்கும் சட்டம் போட்டேன்.

"வீட்டுக் காணிக்குப் பெயர் பனிச்சையடி. பனிச்சையை நான் காணேல்லை. என்ர அம்மம்மா கண்டவவாம். கிணத்தடியில நிண்டதாம்" என்று பதில் வந்தது. அதற்கு முதல் வந்த கடிதங்களில் எல்லாம் சுகம், சுகமறிய ஆவல், காசு கிடைத்தது என்ற மூன்று வரிதான். இது ஒன்றரைப் பக்கம். அந்தக் கிணற்றை வெட்டின ஆளின் பெயரும், கல்லு விழுந்து அவருடைய விரல் போன கதையும் இருந்தன. ஏழு காணிக்கும் ஏழு கடிதம் வந்தது. ஏழாவதில் அவவே கேட்டிருந்தா, நீ இருக்கிற தெருவுக்கு என்ன பெயர் என்று.

நான் இருந்த தெருவின் பெயர் பிரெஞ்சு உச்சரிப்பில் காய். அப்படியே எழுதினேன். கொதிகலன் செய்யும் தொழிலாளியாகத் தொடங்கி, ரயில் எஞ்சினும் சீனி ஆலைக்கு இயந்திரமும் செய்த ஒருவரின் பெயர், 1871இல் செத்துப்போனார் என்றும் விளக்கினேன்.

"அது சரி தம்பி," என்று அம்மா எழுதினா, "என்ன காய்?"