“சும்மாதானே இருக்கிறாய்?”

இலக்கியம் படிக்கிற மாணவர்களைப் பற்றி உலகத்தார் ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறார்கள். வைத்தியம் படிப்பவர்கள் இரவு பகல் கண்விழிக்க வேண்டும். என்ஜினீயரிங் படிப்பவர்கள் கணக்கோடு மல்லுக்கு நிற்க வேண்டும். ரசாயனம் படிப்பவர்கள் சோதனைச் சாலையில் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டும். இலக்கியம் படிப்பவர்களுக்கு என்ன கஷ்டம்? மரநிழலில் சாய்ந்துகொண்டு நாலு பாட்டைப் படித்து, “ஆஹா!” என்று தலையை அசைத்தால் போதும், பட்டம் தானே வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்துவரும் நாம் இந்த அபிப்பிராயத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிருக்கிறோம்.

இப்படி எண்ணுகிறவர்கள் ஒரு நாள் குருவிகுளத்துக்கு வந்து பார்க்க வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர் அது. ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளைகிற சீமை. மழை பொய்த்துவிட்டால் இந்த வட்டாரத்துக்குக் கஞ்சி வார்ப்பது தீப்பெட்டி ஆபீஸ்தான். தொழிற்சாலைக்கு இங்கே ‘ஆபீஸ்’ என்றுதான் பெயர். நம்மிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண் ஒருத்தி, வெளியூர்க் கலாசாலை ஒன்றில் இப்போது இரண்டாம் வருஷம் தமிழ் இலக்கியம் படிக்கிறாள். அவளுடைய ஒரு நாளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

காலை 4.30 மணிக்கு எழுந்திருக்கிறாள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். குழாயில் தண்ணீர் வருகிற நாளாயிருந்தால் குடங்களோடு வரிசையில் நிற்கிறாள். தாயார் தீப்பெட்டி ஆபீஸுக்குப் புறப்படுவதற்குள் சோறு வடித்தாக வேண்டும். தம்பிக்குச் சாப்பாடு கட்டியாக வேண்டும். பிறகு பஸ். உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல சகுனம். பெரும்பாலான நாட்களில் ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க, மற்றொரு கையில் நன்னூல் விரிந்திருக்கும். கலாசாலையில் இலக்கணம், சங்க நூல், காப்பியம், ஆங்கிலம் என்று மணிக்கு ஒரு பாடம். இடையிடையே சிறு தேர்வுகள். ஒப்படைக்க வேண்டிய கட்டுரைகள். மூன்று வருஷத்தில் ஆறு பருவத் தேர்வுகள் என்றால் மூச்சுவிட நேரமேது? மாலையில் திரும்பியதும் ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு ட்யூஷன். அப்புறம் இராச் சமையல்.

ஒன்பது மணிக்கு ஒரு புத்தகத்தைப் பிரிக்கிறாள். பிரித்த மாத்திரத்தில் திண்ணையிலிருந்து பாட்டியின் குரல் கேட்கிறது: “ஏட்டி, சும்மாதானே இருக்கே? அந்த ஏனத்தக் கழுவி வச்சிரு!”

பாட்டியின்மேல் குற்றமில்லை. காட்டில் குனிந்து களையெடுத்து முதுகு வளைந்தவள் அவள். கை அசைந்தால்தான் அவள் கணக்கில் வேலை. பேத்தி கணக்குப் போட்டால் பேனா ஓடுவதாவது தெரியும். படிக்கிறபோதோ கண் மாத்திரமல்லவா ஓடுகிறது? அதிலும் கதைப் புத்தகமாயிருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதனால் நேருகிற நஷ்டம் சாமான்யமானதன்று. சில மாதங்களுக்கு முன் இந்தப் பெண்ணுக்குக் கி. ராஜநாராயணனின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலைப் படிக்கக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள். முப்பதாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாகச் செருகியிருந்தது. “பரிட்சைக்குப் படிக்கவே நேரம் பத்தல, ஸார்” என்றாள். பரீட்சைக்கு அவள் படிப்பதும் கையேடுதான். சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுக்கும் சுருக்கம் சொல்வாள். ஒரு காதையையாவது நிதானமாக முழுதும் படித்ததில்லை. சமையல் குறிப்பை மனப்பாடம் செய்துவிட்டுப் பசியோடு படுக்கிற கதை இது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கி. ரா. பிறந்த இடைசெவல் இதே கரிசல் சீமையைச் சேர்ந்தது. பாட்டிமார் திண்ணையில் பேசுகிற பேச்சையே அவர் எழுத்தாக்கினார்; அச்சொற்களைத் திரட்டி அகராதியும் செய்தார். அந்த நாவலுக்கு 1991-இல் சாகித்ய அகாதமிப் பரிசு கிடைத்தது. பாட்டியின் பாஷைக்குக் கிடைத்த மரியாதையைப் பேத்தி படித்து அறியவொட்டாமல் தடுப்பதும் அதே பாட்டியின் குரல்தான்!

மாணவருக்கு வேலை அதிகம் என்பது புதிய சங்கதி அன்று. 1871-இல் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்த உ. வே. சாமிநாதையருக்கும் ஓய்வு கிடையாது. ஆசிரியர் பாடல்களைச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதவேண்டும். பிள்ளையவர்கள் புதிதாக வைத்த மரங்கள் தளிர்த்திருக்கின்றனவா என்று விடியற்காலையில் ஆவலோடு பார்ப்பது வழக்கம். சாமிநாதையரோ அதற்கு முன்பே தோட்டத்துக்குப் போய்த் தளிர்களைக் கண்டு வைத்துக்கொண்டு காட்டுவார். ஆசிரியர் மனம் குளிர்ந்தால் பாடம் கிடைக்கும் அல்லவா? ஆனால் அத்தனை வேலையும் அவரைத் தமிழினிடமே கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு முன், பிள்ளையின் தமிழ்ப் படிப்புக்காகவே தகப்பனார் ஊர் ஊராகக் குடும்பத்தை மாற்றினார். அந்த வீடு கொடுத்த அவகாசம்தான் பின்னாளில் 1887-இல் சீவக சிந்தாமணியாகவும், 1892-இல் சிலப்பதிகாரமாகவும், 1894-இல் புறநானூறாகவும் அச்சேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது.

நம் மாணவியின் வீட்டார் ஊர் மாற வேண்டியதில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அரசுப் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். சர்க்கார் வண்டி கொடுக்கலாம், பணம் கொடுக்கலாம்; இராத்திரியில் ஒரு மணி நேரம் கொடுக்க எந்தச் சர்க்காராலும் ஆகாது. அது வீட்டார் கையில் இருக்கிறது.

சுதந்திர தேசத்தில் தாய்மொழிக் கல்வி தழைக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். நாளைக்கு நம் குழந்தைகளுக்குச் சிலப்பதிகாரம் சொல்லித் தரப்போகிறவள் இந்தப் பெண்தான். அவள் கையேட்டை மட்டும் படித்தால் நம் குழந்தைகளுக்குக் கிடைப்பதும் கையேடுதான்.

ஆகையால் குடும்பத்தாருக்கு நம்முடைய விண்ணப்பம் ஒன்றே. இரவு எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரையில், புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கூப்பிடாதீர்கள். பாத்திரங்களைத் தம்பி கழுவட்டும். பகவான் அவனுக்கும் இரண்டு கைகள் கொடுத்திருக்கிறார்.