கீரி கெடுத்த அடை

கோழியின்றியே குஞ்சு பொரிக்கும் வித்தையை எகிப்தியர் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக அறிவர். இராஜாக்கமங்கலத்தில் நமக்கோ அது அவசரத் தேவையாயிற்று. அடையிலிருந்த கோழியை ஐந்தாம் நாள் கீரி கொண்டுபோயிற்று. 12 முட்டைகள் அநாதையாய் மிஞ்சின.

மரப்பெட்டி, மின்விளக்கு, சூடு மிஞ்சினால் அதனைத் தானே அணைக்கும் கருவி, சிறு விசிறி, ஒரு கிண்ணம் ஜலம் ஆகியவை சேர்ந்ததே நம் யந்திரம். உஷ்ணம் 37.5 சென்டிகிரேடில் நிற்கவேண்டும். முட்டைகளைப் புரட்டாவிடில் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். தாய்க்கோழி அலகால் ஓயாது செய்யும் அந்த உத்தியோகம், தினம் மூன்று வேளையாக, 18-ஆம் நாள் வரை நமதாயிற்று. சம்பளமில்லாத வேலையென்று வீட்டார் நகைத்தனர். பின்னர்ப் புரட்டுவதை நிறுத்தி, ஈரங்கூட்ட இன்னொரு கிண்ணம் வைத்தோம்.

பத்தொன்பதாம் நாளிரவு ஆடிக்காற்றில் மின்சாரம் நின்றது. நகைத்தவர்களே அடுப்பு மூட்டினர். வெந்நீர்ப் புட்டிகளைத் துணியிற் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கி, ஆற ஆற மாற்றினோம். உள்ளிருக்கும் உயிர் மூச்சுவிட வேண்டுமே. காற்றுத் துளைகளை மட்டும் அடைக்கவில்லை. விடியுமுன் ஒரு முட்டைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது.

எட்டுக் குஞ்சுகள் வெளிவந்தன. இறகு உலரும்வரை அவற்றைப் பெட்டியிலேயே விட்டோம். மஞ்சட்கருவின் மிச்சம் வயிற்றிலிருப்பதால் முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை.