சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தவர்கள்

டீசல் எஞ்சின் சோதனைக் கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். "அங்கே அப்படி என்ன சார் சோதனை?" என்று வாக்கிங் வரும் நண்பர்கள் கேட்பதுண்டு.

நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், ஒரு நொடியை நூறாக்கினால் அதில் 3 பங்கு. அதிலும் ஒரு சிறு பகுதிக்குள் டீசல் பீய்ச்சப்பட்டு, ஆவியாகி, காற்றோடு கலந்து எரிந்து முடிந்துவிடும். காற்று போதாத இடத்தில் கரிப்புகை. சூடு மிஞ்சிய இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடு. ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறும். பிஸ்டன் தலையிலுள்ள குழியின் வடிவமும், டீசல் பீய்ச்சும் கோணமும் இதில் முக்கியம். எங்கள் காலத்தில் புது பிஸ்டன் கடைந்து, மாட்டி, ஓட்டி, புகையை அளந்து, மறுபடி கழற்றுவோம். வாரக்கணக்கில் ஆகும். இரும்புச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பது ஊகம்தான்.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் 1985-ல் 'கீவா' என்ற கம்ப்யூட்டர் நிரலை வெளியிட்டது. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான பியூப்ளோ மக்கள் சடங்குகளுக்காகத் தரைக்கடியில் அமைக்கும் வட்ட அறைக்குக் கீவா என்று பெயர். கூரை வழியாக ஏணியில் இறங்க வேண்டும். சிலிண்டருக்குள்ளும் காற்று மேலேயுள்ள வால்வு வழியாகத்தானே இறங்குகிறது! சிலிண்டருக்குள் இருக்கும் இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்படிச் சுழல்கிறது, எவ்வளவு எரிகிறது என்று அது கணக்குப் போடும்.

இந்த மாதிரிக் கணக்கு எங்களிடமும் வந்து சேர்ந்தது. ஒரு எஞ்சின் குறைந்த வேகத்தில் கரும்புகை கக்கியது. புதிதாகச் சேர்ந்த இளம் பெண் இன்ஜினியர் திரையில் வண்ணப் படம் காட்டினார். குழியின் சுவரில் ஓர் இடத்தில் டீசல் போய் மோதி, எரியாமல் படிகிறது என்றது படம். எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் சொல்லாமல் பழைய பிஸ்டனை எடுத்து வந்தார். அதே இடத்தில் பளபளவென்று கருப்புத் திட்டு. "இங்கதாம்மா அடிக்குது. ரொம்ப நாளா சொல்றேன், யாரு கேட்டா?" என்றார்.

எஞ்சின் சத்தத்தில் அவர் காது ஏற்கெனவே மந்தமாகியிருந்தது. அந்தப் பெண் கேள்விகளைக் காகிதத்தில் எழுதிக் காட்டிக் கேட்டுக்கொண்டார். அறிக்கையில் திரைப்படத்துக்குப் பக்கத்திலேயே பிஸ்டனின் போட்டோவையும் வைத்து, கீழே அவர் பெயரைப் போட்டார். பீய்ச்சும் கோணத்தை மாற்றினோம். புகை அடங்கியது.

2007-ல் கம்மின்ஸ் நிறுவனம் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே வடிவமைத்து ஒரு டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது. சோதனை, சரிபார்க்க மட்டும். புகை தின்னும் வேலை குறைந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் கொந்தளிக்கும் காற்றின் கணக்கு இன்றும் தோராயம்தான். அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். ஃபோர்மேன் ஓய்வு பெற்றபின் அவர் இடத்துக்கு யாரையும் போடவில்லை. படம் தப்பாக வந்தால் பிஸ்டனை எடுத்து வந்து காட்ட இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.