பழைய நேரம்

கைக்கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதே நமது பொழுதுபோக்கு. ஆசிரியனுக்கு இது வீண்வேலை என்பார்கள் நண்பர்கள், போகட்டும். கேகாலை மாவட்டத்து ரப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தோம் நாம். அங்கே ஒரு காம்பிராவில் வானொலி பாடினால் லயம் முழுவதும் கேட்கும். புருஷன் பெண்சாதி பேச்சும் அப்படியே. அந்தரங்கம் என்று அங்கே இருந்தது ஒன்றே: தந்தையாரின் சாவிக் கடிகாரத்தைக் காதோடு வைத்தால் நமக்கு மட்டும் கேட்கும் அந்தச் சங்கீதம்.

1996 மே மாதத்தில், மின்சாரப் பஞ்சத்தை முன்னிட்டு, அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிற்று. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. சூரியனோ வர்த்தமானி படிப்பதில்லை. விடியற்குளிரிலே பால் நன்றாக ஓடும் என்பது மெய்தான். ஆயினும் வெளிச்சமின்றி வெட்டினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைப் புண்ணாக்கும். எங்கள் தோட்டத்திலே பிரட்டு புதிய நேரத்துக்கே நடந்தது. இருட்டில் மலையேறிய அன்னையார் ஒருநாள் கானில் விழுந்தார், முழங்கால் பிசகிற்று.

தந்தையார் முள்ளைத் தொடவேயில்லை. கணக்கப்பிள்ளை கேட்டதற்கு, "நான் பொறக்கிறதுக்கு முந்தியே, 48லே, பிரசாவுரிமையைப் பறிச்ச சர்க்காருங்க ஐயா. அது சொல்ற நேரத்தை எப்படி நம்புறது?" என்றார்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரமும் திரும்பிற்று. தொடாத கடிகாரம் தானே சரியாயிற்று. அன்றும் வழக்கம்போல் சாவி கொடுத்து ஆணியில் மாட்டினார்.

அன்னையார் மழைநாட்களில் இன்றும் நொண்டித்தான் நடக்கிறார்.