காஞ்சியில் இரண்டு நாள்

நெடும்பயணத்திற்குப் பொருள் வேண்டும். குறும்பயணத்திற்குத் தெளிவு வேண்டும். ஒரு திங்கள் தங்கி ஊர் காண்பவன், இன்று காணத் தவறியதை நாளை காணலாம். இரண்டே நாள் பெற்றவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. எதனைக் காண்பது, எதனை விடுப்பது என்று அவன் புறப்படுமுன்பே துணிதல் வேண்டும். காண்பதைத் துணிதல் எளிது; விடுப்பதைத் துணிதல் அரிது. உரோமாபுரிக்கும் இங்கிலாந்து நாட்டு யார்க் நகருக்கும் செல்வோர்க்கு நேரும் இவ்விடர்ப்பாடு, நம் காஞ்சிமாநகருக்குச் செல்வோர்க்கும் நேர்கின்றது. நூற்றாண்டுகள் பல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்ற நகரங்களை இரண்டு பகற்பொழுதில் எங்ஙனம் காண்பது?

காஞ்சிபுர மாவட்டத்தில், தாம்பரத்திற்கு மேற்கே, மணிமங்கலம் என்னும் ஊர் உள்ளது. பெரியதோர் ஏரியும் பழங்கோயில்கள் சிலவும் அவ்வூரின் செல்வங்கள். அதற்குத் தென்மேற்கே ஒரகடமும் வடமேற்கே திருப்பெரும்புதூரும் அமைந்துள்ளன. மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் பிறவும் செய்யும் தொழிற்சாலைகள் அவ்விரண்டு ஊர்ப்புறங்களிலும் நிறைந்திருக்கின்றன. பொழுது புலருமுன்னும், நள்ளிரவிலும் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் சாலைகளில் விரைந்த வண்ணம் இருக்கும்.

மணிமங்கலத்தில் வாடகை வீட்டில் வாழும் குடும்பம் ஒன்று. குடும்பத்தலைவர் ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில், ‘ஷிப்டு’ எனப்படும் முறைப்பணி செய்பவர். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். சொந்த ஊருக்குச் செல்லும்போதெல்லாம் காஞ்சியின் வழியாகப் பன்முறை பேருந்தில் கடந்திருக்கின்றார். இறங்கி ஊரைக் கண்டதில்லை. அவருடைய அன்னையார் முதியவர், முழங்கால் வலியுடையவர். மனைவியின் தமையனார் காஞ்சியில், பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெய்பவர். மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் ஆறாம் வகுப்பிலும் படிக்கின்றனர். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும், அதனை அடுத்த திங்களன்று கிடைத்த ஒரு நாள் விடுப்பையும் சேர்த்துக் காஞ்சிக்குச் சென்றுவர அவர்கள் எண்ணினர்.

தந்தையார் ஒரு குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொருவர் விருப்பத்தையும் கேட்டு எழுதினார். ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், கயிலாசநாதர் கோயில், வைகுந்தப்பெருமாள் கோயில், வரதராசப்பெருமாள் கோயில், உலகளந்த பெருமாள் கோயில், கச்சபேசுவரர் கோயில், சமணர் கோயில் உள்ள திருப்பருத்திக்குன்றம், 1909ஆம் ஆண்டில் காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணாவின் நினைவு இல்லம், பட்டுத் தறி, பட்டுக் கடை என்று பட்டியல் நீண்டது. “குடலை இட்லி!” என்றான் சிறுவன். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கிற் குடலையில் வேகவைக்கப்பெறும் அவ்விட்டலி, வரதராசப்பெருமாள் கோயிலிற் படைக்கப்படுவது. அதுவும் பட்டியலில் ஏறியது. தந்தையார் கணக்கிட்டு, “ஓரிடத்திற்கு இருபது நிமிடம் ஒதுக்கினால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்” என்றார்.

மனைவியார் நகைத்தார். “உங்கள் தொழிற்சாலையில் வண்டிகள் நகர்கின்றன, ஆட்கள் நின்ற இடத்தில் நிற்கின்றார்கள். காஞ்சியில் கோயில்கள் நிற்கின்றன. நாம் ஓடவேண்டும் போலும்!” என்றார்.

அன்றிரவு தொலைபேசியிற் பேசிய தமையனாரும் அக்கணக்கைக் கலைத்துவிட்டார். கோயில்கள் நண்பகலில் நடைசாத்தப்பெற்று, மாலை நான்கு மணியளவிலேதான் மீண்டும் திறக்கும் என்பதை அவர் நினைவூட்டினார். இரண்டு நாளில் கோயில் காணக் கிடைப்பவை இரண்டு காலைகளும் இரண்டு மாலைகளுமே. ஊர் திரும்ப வேண்டுமாதலின், இரண்டாம் மாலையும் பாதியே. பட்டியலிற் பெரும்பகுதியை விடுத்தாக வேண்டும். எதனை விடுப்பது?

வழி காட்டியவள் மகள். அவள் அவ்விடுமுறைக்கெனப் பள்ளி நூலகத்திலிருந்து பல்லவர் வரலாறு கூறும் நூல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். காஞ்சியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவள், எதிர்பாராத ஓரிடத்தில் தன் ஊரின் பெயரைக் கண்டாள். “நம் ஊரில் காண்பதற்கு என்ன இருக்கின்றது?” என்று தோழியரிடம் அடிக்கடி கூறுபவள் அவள். அப்பக்கத்தை அவள் இருமுறை படித்தாள். பின்பு தந்தையாரிடம் சென்று படித்துக் காட்டினாள்.

அச்செய்தி இது: கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாதாபியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசி, பல்லவ நாட்டின்மேற் படையெடுத்து வந்தான். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் அவனைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் எதிர்த்து முறியடித்தான். தோற்றோடிய பகைவனைத் தொடர்ந்து பல்லவப் படை வாதாபி வரை சென்று, கி.பி. 642ஆம் ஆண்டளவில் அந்நகரைக் கைப்பற்றியது. நரசிம்மவர்மனின் பேரனாகிய முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு இவ்வெற்றிகளைக் குறிக்கின்றது. புறங்காட்டிய புலிகேசியின் முதுகையே பட்டயமாகக் கொண்டு, ‘வெற்றி’ என்னும் பொருள் தரும் சொல்லை நரசிம்மவர்மன் எழுதினான் என அச்செப்பேடு அணிபெறக் கூறும்.

“அப்பா, நாம் பேருந்துக்குக் காத்து நிற்கும் இந்த ஊரிலா காஞ்சியைக் காத்த போர் நடந்தது?” என்று கேட்டாள் மகள். தந்தையார் உடனே விடை கூறவில்லை. பணியிடத்திற்கு அண்மையில் வாடகை குறைவாகக் கிடைத்தது என்பதொன்றே அவர் மணிமங்கலத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம். ஏழாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தும் அதன் பெயரை அவர் முகவரியாகவே அறிந்திருந்தார்.

இச்செய்தி அறிந்தபின் பயணத்திற்கு ஒரு நூலிழை கிடைத்தது. மணிமங்கலத்தையும் காஞ்சியையும் இணைப்பவர் பல்லவர். ஆதலின், பல்லவர் எடுத்த கோயில்களை முதன்மையாகக் கொண்டு, ஏனையவற்றை அவற்றைச் சூழ அமைக்கலாம் என்று துணிந்தனர்.

ஞாயிறு காலை படப்பை, ஒரகடம், வாலாசாபாத்து வழியாகச் செல்வது. வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். முதலிற் கயிலாசநாதர் கோயில். இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது அது. மணற்கல்லால் ஆகியது, திருச்சுற்றில் 50க்கு மேற்பட்ட சிற்றாலயங்கள் வரிசையாய் உள்ளன, பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்களை இன்றும் அங்குக் காணலாம். நண்பகலில், அண்மையிலுள்ள மாமன் வீட்டில் உணவும் ஓய்வும். மாலையில் வைகுந்தப்பெருமாள் கோயில். அதனை எடுப்பித்தவன் இரண்டாம் நந்திவர்மன். இரண்டாம் பரமேசுவரவர்மன் மகப்பேறின்றி மறைந்தபோது, நாட்டின் முதன்மக்கள் தேடிச்சென்று, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய நந்திவர்மனை அழைத்துவந்து அரியணை ஏற்றினர். அந்நிகழ்ச்சியும் பல்லவர் வரலாற்றின் பிற நிகழ்ச்சிகளும் அக்கோயிலின் சுற்றுமாளிகையிற் சிற்பவரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. “அரசனுக்கு என் வயதுதானா!” என்று வியந்த சிறுவன், குடலை இட்லியை அக்கணம் மறந்தான்.

திங்கள் காலை வரதராசப்பெருமாள் கோயில். அங்குள்ள நூற்றுக்கால் மண்டபமும், கல்லிற் செய்த சங்கிலியும் சிற்பியரின் கைத்திறனுக்குச் சான்றாவன. அக்கோயிற் குளத்தில் வீற்றிருக்கும் அத்திவரதரை 40 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளியே எழுந்தருளச் செய்வர். 1979இலும் 2019இலும் அவ்விழா நடந்தது; அடுத்த விழா 2059இல் வரும். திங்கள் நண்பகலுக்குப்பின் மாமன் வீட்டுத் தறி. காஞ்சிப் பட்டின் உடலையும் கரையையும் தனித்தனி நூல்கொண்டு நெய்து, ஊடிழைகளை ஒன்றோடொன்று கோத்து இணைப்பது ‘கோர்வை’ எனப்படும். அதற்கு ஒருவர் கை போதாது; தறியின் பக்கத்தில் மற்றொருவர் இருந்து நாடா வாங்கித் தர வேண்டும். தமையனார் நெய்ய, அவர் மனைவியார் துணையிருப்பார். அதனைக் கண்டபின் மாலையில் ஊர் திரும்புதல்.

இங்ஙனம் எழுதி முடித்தபோது, இதுகாறும் பேசாதிருந்த பாட்டியார் மெல்ல வாய்திறந்தார். “எல்லாம் நல்லதுதான். காமாட்சியை விட்டுவிட்டீர்களே! இந்தக் காலை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை முறை வரப்போகின்றேன்?” என்றார்.

ஞாயிறு மாலையில் வைகுந்தப்பெருமாள் கோயிலுக்கு முன்னதாகத் திருப்பருத்திக்குன்றம் என்று மகள் குறித்திருந்தாள். அங்குள்ள சமணர் கோயிலின் சங்கீத மண்டப விதானத்தில், தீர்த்தங்கரர் வரலாறுகளைக் கூறும் வண்ண ஓவியங்கள் உள்ளன. அவற்றைக் காண அவளுக்கு வேட்கை மிகுதி. இரண்டிற்கும் அம்மாலையில் இடமில்லை. அவள் சிறிது நேரம் குறிப்பேட்டைப் பார்த்திருந்தாள். பின்பு எழுதுகோலை எடுத்துத் தன் வரியை அடித்துவிட்டு, அவ்விடத்திற் ‘காமாட்சியம்மன் கோயில், பாட்டியுடன்’ என்று எழுதினாள். “ஓவியத்தை நான் பெரியவளான பின்பும் வந்து பார்ப்பேன், பாட்டி” என்றாள். பாட்டியார் பேத்தியின் தலையை வருடினார்.

மாணவர்களே! பயணத் திட்டம் என்பது கால அட்டவணை மட்டும் என்று கருதற்க. உடன்வருவோரில் யாருக்கு மறுமுறை வரும் வாய்ப்புக் குறைவோ, அவர் விருப்பத்தை முன்வைத்தல் திட்டத்தின் முதற்பகுதியாகும். நடக்க இயலாதவர்க்கு வேண்டிய ஓய்வும் நிழலும் எங்கே என்று எண்ணிப் பார்த்தல் அடுத்த பகுதி. இவற்றிற்குப் பின்னரே பேருந்தும் நேரமும் வரும்.

அந்நூலின் மற்றொரு பக்கத்திற் கண்ட செய்தியையும் மகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். புலிகேசி தோற்று ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்குப் பின், அவன் மரபில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியின்மேற் படையெடுத்து வந்து நகரைக் கைப்பற்றினான். தன் முன்னோர் தலைநகரை எரித்தழித்தவர்களின் நகரம் அவன் கையில் அகப்பட்டது. பழிவாங்க நினைத்திருந்தால் அவனைத் தடுப்பார் இல்லை. அவனோ கயிலாசநாதர் கோயிலைக் கண்டான். அதன் பெருமையில் உள்ளம் ஈடுபட்டான். கோயிலின் செல்வத்தைக் கவராது, அதனைக் கோயிலுக்கே திருப்பி அளித்தான். இதனைக் கூறும் கன்னடக் கல்வெட்டு அக்கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் உள்ளது. பின்னர் அவன் தேவியாகிய உலோகமாதேவி, அவ்வெற்றியின் நினைவாகத் தன் நாட்டுப் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலிலும் காஞ்சிக் கோயிலின் சாயலைக் காணலாம். பகையாய் வந்தவர்கள் கலையின் மாணாக்கராய் மீண்டனர்.

இக்காலத்தில் அக்கோயிலுக்குப் பகைவர் எவரும் படையொடு வருவதில்லை. நம்மைப் போன்ற விருந்தினரே வருகின்றனர். எனினும், பழங்கட்டடங்களின் சுவர்களில் ஆணியாற் கீறித் தம் பெயரை எழுதிச் செல்வோர் இன்றும் உளர். மணற்கல் மென்மையானது, மழையும் காற்றும் அரித்தவை போக எஞ்சிய சிற்பங்கள், கைபட்டும் தேய்வன. வாளேந்தி வந்த வேந்தன் செய்யத் துணியாத தீங்கை, ஆணியேந்தி வரும் விருந்தினன் செய்தல் தகுமா? “சுவரைத் தொடக் கூடாது, சிற்பத்தின்மேற் சாயக் கூடாது” என்று மகள் தம்பிக்கெனக் குறிப்பேட்டின் அடியில் எழுதினாள். அதன்கீழ் அவன் கையொப்பமும் வாங்கினாள்!

எல்லாம் எழுதியபின் குறிப்பேட்டின் தலைப்பிற் சிறிது வெற்றிடம் இருந்தது. தந்தையார் அங்கே ஒரு வரி சேர்த்தார்: ‘சனி மாலை: மணிமங்கலம்.’ அவ்வூர் இராசகோபாலப்பெருமாள் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல உள்ளன. இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலிய வேந்தர்தம் போர்ச்செயல்களை விரித்துக் கூறும் நீண்ட கல்வெட்டுகளும் அவற்றுள் அடங்கும். வீட்டிலிருந்து நடந்தே செல்லக்கூடிய அக்கற்களை அவர்கள் ஒருநாளும் நின்று நோக்கியதில்லை. காஞ்சிக்குப் போகும் வழி தம் தெருவிலேயே தொடங்குகின்றது என்பது அவர்களுக்கு இப்போது விளங்கியது.

தன் ஊரை அறிந்தவனுக்கே அயலூர் தன் வாயிலை முழுதும் திறக்கும். செல்லுமுன் படித்துத் தெளிக. சென்ற இடத்திற் சிலவற்றையே நின்று காண்க. முதியோர்க்கு முதலிடம் தருக. கண்டவற்றைக் கண்டவாறே பின்வருவோர்க்கு விட்டு வருக. இவ்வாறு செல்வோர்க்கு இரண்டு நாளும் குறைந்த காலமன்று.