குதிரைக்குப் பக்கத்தில் நடந்தவள்

குதிரை என்றதும் உங்களில் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயமும் தோற்ற பணமும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது வேறு குதிரை, வாசகர்களே!

2015-இல் சிங்கப்பூரில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தேன். உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அவள் மகள், "மாமா, குதிரை பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டாள். ஜாலான் மஷோருக்கு அழைத்துப் போனாள். பட்டணத்துக்குள் அப்படியோர் இடமா! புல் வாடையும் சாண வாடையும் சேர்ந்து வர, நம் தோட்டத்து மாட்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டதுபோல் இருந்தது.

உடற்குறையுள்ளவர்களுக்கான குதிரையேற்றச் சங்கம் அங்கே இயங்கிவந்தது. 1982-இல் தொடங்கிய இந்தச் சங்கம் அப்போது பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. தொண்டர்களில் மாணவர்களும் உண்டு.

ஏழெட்டு வயதுப் பையன் ஒருவனைத் தாய் தூக்கி வந்தாள். மூளை முடக்குவாதம். கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. தலைக்கவசம் மாட்டி, சாய்வு மேடையிலிருந்து அவனைக் குதிரைமேல் உட்கார வைத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒருவர் கயிற்றைப் பிடித்து முன்னே நடக்க, இருபுறமும் இருவர். அதில் ஒருத்தி நம் பெண். பையனின் தொடைமேல் கையை வைத்தபடி நடந்தாள்.

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, நாம் நடக்கும்போது அசைவதைப் போலவே முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசையுமாம். நடந்தே அறியாத பிள்ளைக்கும் அந்த அசைவு கிடைக்கிறது. குதிரை நோயைத் தீர்த்துவிடும் என்று யாரும் அங்கே சொல்லவில்லை. ஆனால் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் அம்மையார், இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலற்ற நிலையிலும், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

முதல் நாள் இவளைப் பிள்ளைகளின் அருகிலேயே விடவில்லையாம். குதிரையின் காதைப் பார்க்கச் சொன்னார்களாம். காது பின்னே ஒட்டி மடிந்தால் அதற்குக் கோபம். பின்பக்கமாகப் போகாதே, பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போ, தீனியை விரித்த உள்ளங்கையில் கொடு. மாடு மேய்த்த நம் பிள்ளைகளுக்கு இதில் பாதி பாடம் தெரியுமே என்று நினைத்துக்கொண்டேன். அதே தோட்டங்களில், இப்படிப்பட்ட பிள்ளையை விருந்தாளி வந்தால் உள்ளறையில் மறைத்துவைத்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தாயின் கைகள் அன்று சற்று நேரம் சும்மா இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். இறக்க வந்தபோது பையன் பிடரி மயிரை விடவில்லை. நம் பெண் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு விரலாக அவனே எடுக்கும்வரை காத்திருந்தாள். குதிரையும் அசையாமல் நின்றது.