கண்ணுக்குக் கீழே சிறு கட்டிகள்

கட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீட்டுப் பெண்களுக்கு நெஞ்சு பதறுகிறது. ஆனால் எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. மனிதனின் தோலில் 20 முதல் 40 இலட்சம் வரையான வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உடற்சூட்டைத் தணிக்க அல்லாஹ் அமைத்துத் தந்த ஏற்பாடு அது. அச்சுரப்பிகளிலும் அவற்றின் குழாய்களிலும் அபூர்வமாகக் கட்டிகள் தோன்றுவதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை.

என் தங்கையின் மகளுக்குப் பதினேழு வயதில், இரு கண்களுக்கும் கீழே குண்டூசித் தலையளவில் சிறு சிறு பருக்கள் கிளம்பின. வலியில்லை, சொறிச்சல் இல்லை, ஆனால் மறையவும் இல்லை. பேலியகொடையில் எங்கள் வீட்டுக்கு வந்து போவோர் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பாலுண்ணி என்றார் ஒருவர். தொற்றும், துவாயைத் தனியாக வையுங்கள் என்றார் மற்றவர். சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்து வைத்தால் உதிர்ந்துவிடும் என்றார் ஒரு மாமி. கண் இமையோரத்தில் சுண்ணாம்பா! நல்ல வேளை, தங்கை இணங்கவில்லை.

நான்கு வருடம் கழித்துப் பெண் பார்க்க வந்த ஒருவர், "பிள்ளைக்கு முகத்தில் ஏதோ வருத்தம் இருக்குப் போல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் மூன்று மாதம் அவள் எந்தக் கலியாண வீட்டுக்கும் வரவில்லை.

கடைசியில் தோல் நோய் டொக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் மிகச் சிறிய துண்டொன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பெயர் சிரிங்கோமா. வியர்வைக் குழாயில் உண்டாகும் தீங்கற்ற கட்டி. பெண்களுக்கே அதிகம் வரும், பருவ வயதில் தொடங்கும், தொற்றாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குழாய்கள் வாலுள்ள தலைப்பிரட்டை போலத் தெரியும் என்று டொக்டர் விளக்கினார். வியன்னாவில் கப்போசி என்ற பேர்பெற்ற வைத்தியர் 1872இல் இதை முதலில் விவரித்தபோது, நிணநீர்க் குழாயின் கட்டி என்றே பெயரிட்டார். அவருக்கே பிடிபடாததை அயல் வீட்டார் வாசற்படியில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியுமா?

"நானா, இதை எடுத்தால் அல்லாஹ்வின் படைப்பை மாற்றியதாகாதா?" என்று தங்கை கேட்டாள். போரில் மூக்கை இழந்த அர்பஜா (ரலி) வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார். அது நாறவே, தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் ஹராமாயிருந்தும் அந்த அனுமதி கிடைத்தது. குறையை நீக்குவது வேறு, உள்ள அழகு போதாதென்று உருவை மாற்றுவது வேறு. ஆகவே எடுப்பதில் தடையில்லை என்றேன்.

ஆனால் மின்சூட்டாலோ லேசராலோ எடுத்தாலும் அவை திரும்பி வரலாம், நம் நிறத்துத் தோலில் கருந்தழும்பும் விழலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகள் யோசித்துவிட்டு, "வேணாம் மாமா, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். என்னவென்று தெரிந்ததே அவளுக்குப் பாதி மருந்தாகிவிட்டது.

இந்த இனத்துக் கட்டிகள் முகத்தில் மட்டும் வருவதில்லை. போரோமா என்பது பெரும்பாலும் உள்ளங்காலில் வரும்; இலேசாகப் பட்டாலும் இரத்தம் கசியும். சிலிண்ட்ரோமா தலையில் வரும், சிலருக்குப் பெருகித் தலைப்பாகை போல மூடிக்கொள்ளும், பரம்பரையாகவும் தொடரும். எந்தக் கட்டியாயினும் வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ தாமதிக்காதீர்கள். இவற்றில் சில, அபூர்வமாக, புற்றாக மாறுவதுண்டு. அரசாங்க வைத்தியசாலைகளின் தோல் நோய்க் கிளினிக்குகளில் காசு கேட்பதில்லை.

பெண் பார்க்கப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கட்டிகள் அப்பிள்ளைக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. வலித்தது, வாசலில் வைத்துச் சொல்லப்பட்ட அந்த ஒரு பேச்சுத்தான்.